‘டீட்டூர்’ ஆறு நாளில் எடுத்த படமா?

பழைய கறுப்பு வெள்ளைக் குற்றப் படங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் ‘டீட்டூர்’ பெயரை எடுப்பார். எடுத்த கையோடு அடுத்த வாக்கியமும் வந்து விழும்: “ஆறே நாளில், இருபதாயிரம் டாலரில் முடித்த படம்!” நானும் இதைப் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஒருவரைப் பிடித்து உட்காரவைத்து இந்தப் படத்தைப் பார்க்கச் செய்ய இதைவிட உதவும் வாக்கியம் வேறில்லை. பிறகு படத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தபோதுதான் அந்த வாக்கியத்தில் ஒரு சொல்கூட நிற்காது என்று தெரிந்தது. பாராட்டுவதாக நினைத்து நாம் சொல்லும் அந்தப் பேச்சு, படத்தை எடுத்தவர்களுக்கு நாம் செய்யும் அநியாயம் என்பதும் புரிந்தது.

‘டீட்டூர்’ என்றால் மாற்றுப்பாதை. சாலை வேலை நடக்கும் இடத்தில் தகரப் பலகையில் அம்புக்குறி போட்டு நிறுத்தியிருப்பார்களே, அது. 1945 நவம்பரில் அமெரிக்காவில் வெளியான இந்தப் படம் மொத்தமே 68 நிமிடம். தயாரித்தது பி.ஆர்.சி. என்ற சிறிய நிறுவனம். இயக்கியவர் எட்கர் ஜி. உல்மர். மார்ட்டின் கோல்ட்ஸ்மித் 1939இல் எழுதிய நாவலுக்கு அவரே திரைக்கதை எழுதினார். நம் ஊரில் ஹிட்ச்காக் பெயர் தெரிந்த அளவுக்கு உல்மர் பெயர் தெரியாது. அதனால் முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். முடிவையும் சொல்லாமல் இந்தப் படத்தைப் பற்றி உருப்படியாகப் பேச முடியாது.

நியூயார்க்கில் ஓர் இரவு விடுதியில் பியானோ வாசிப்பவன் ஆல் ராபர்ட்ஸ். டாம் நீல் நடித்தார். அவனுடைய காதலி சூ அங்கேயே பாடுபவள். ஹாலிவுட்டில் பெயர் வாங்க வேண்டும் என்று அவள் கிளம்பிப் போய்விடுகிறாள். கையில் காசில்லாத ஆல், போகிற வண்டிகளில் லிஃப்ட் கேட்டே நாட்டின் மறுகரைக்குப் புறப்படுகிறான். அரிசோனாவில் ஹாஸ்கெல் என்ற பந்தய புக்கி காரில் ஏற்றிக்கொள்கிறான். ராத்திரி மழை பிடிக்கிறது. காரின் கூரையை மூட ஆல் வண்டியை நிறுத்துகிறான். தூங்கிக்கொண்டிருந்த ஹாஸ்கெலை எழுப்பப் பார்க்கிறான், எழவில்லை. கதவைத் திறந்ததும் ஹாஸ்கெல் கீழே சரிந்து விழ, தலை கல்லில் மோதுகிறது. ஆள் இறந்துவிட்டான். போலீஸ் நம்பாது என்று ஆல் பிணத்தை மறைத்துவிட்டு ஹாஸ்கெலின் உடை, பர்ஸ், கார், பெயர் அத்தனையையும் எடுத்துக்கொண்டு கிளம்புகிறான்.

மறுநாள் வழியில் நின்ற ஒரு பெண்ணை அவனே ஏற்றிக்கொள்கிறான். பெயர் வேரா. நடித்தவர் ஆன் சாவேஜ். கண்ணயர்ந்து கிடந்தவள் சட்டென்று நிமிர்ந்து, காருக்குச் சொந்தக்காரனின் உடலை எங்கே போட்டாய் என்று கேட்கிறாள். அவளும் முன்பு ஹாஸ்கெலின் காரில் வந்தவள்தான். அவன் கையில் இருந்த நகக்கீறல் அவள் போட்டது. அந்த நிமிடத்திலிருந்து ஆல் அவள் பிடியில். லாஸ் ஏஞ்சலஸில் கணவன் மனைவி என்று சொல்லி வீடு எடுத்துத் தங்குகிறார்கள். ஒரு ராத்திரி குடிபோதையில் வேரா, போலீசைக் கூப்பிடப்போகிறேன் என்று போனைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குள் ஓடித் தாழிட்டுக்கொள்கிறாள். கதவுக்கு அடியில் நீண்டு கிடக்கும் போன் வயரை ஆல் இந்தப் பக்கத்திலிருந்து பலங்கொண்ட மட்டும் இழுக்கிறான். வயர் அவள் கழுத்தைச் சுற்றியிருந்தது அவனுக்குத் தெரியாது. அவன் அப்படித்தான் சொல்கிறான்.

“ஆறு நாள், இருபதாயிரம் டாலர்”

இந்தக் கணக்கைப் பரப்பியதில் இயக்குநருக்கே பங்குண்டு. 1970இல் பீட்டர் போக்டனோவிச்சுக்குக் கொடுத்த நீண்ட பேட்டியில், பி.ஆர்.சி.க்கு எடுத்த பெரும்பாலான படங்களை ஆறு நாளில் முடித்ததாக உல்மர் சொன்னார். கேட்டவர்கள் அதை ‘டீட்டூர்’ தலையில் ஏற்றினார்கள். விமர்சகர் ரோஜர் ஈபர்ட் 1998இல் தன் ‘மாபெரும் படங்கள்’ வரிசையில் இதைச் சேர்த்து எழுதியபோதும் ஆறு நாள் கதை கூடவே வந்தது. அதன்பின் எந்த ஊர் சினிமா ரசிகனுக்கும் அது மனப்பாடம்.

உல்மரின் வாழ்க்கையை எழுதிய நோவா ஐசன்பர்க் தயாரிப்பு ஆவணங்களைத் தேடிப் பார்த்தார். படப்பிடிப்புக்கான திரைக்கதைப் பிரதியில் 1945 ஜூன் 14 முதல் 29 வரை, கேமரா ஓடும் நாள் 14 என்று குறித்திருக்கிறது. திட்டமிட்ட செலவு சுமார் 87,500 டாலர். முடிவில் ஆன செலவு சுமார் 1,17,000 டாலர். ஆன் சாவேஜ் கடைசிவரை சொல்லிவந்தது இன்னும் கூடுதல்: வாரத்துக்கு ஆறு நாள் வீதம் நான்கு வாரம், அதற்கு மேல் கலிஃபோர்னியாவின் லான்காஸ்டர் பாலைவனப் பகுதியில் நான்கு நாள். பதினாலா இருபத்தெட்டா என்பதில் வேறுபாடு இருக்கலாம். ஆறு என்பதற்கு மட்டும் எந்தப் பக்கத்திலும் இடமில்லை.

பி.ஆர்.சி. பணக்கார நிறுவனமாக இருந்தது என்று சொல்ல வரவில்லை. ஹாலிவுட்டில் இப்படிப்பட்ட சில்லறைக் கம்பெனிகளை ‘வறுமைத் தெரு’ என்றே சொல்வார்கள். ‘டீட்டூர்’ வருவதற்கு முந்தைய ஆண்டு பில்லி வைல்டர் பாரமவுண்டுக்கு எடுத்த ‘டபுள் இண்டெம்னிட்டி’க்கு ஒன்பது லட்சம் டாலருக்கு மேல் ஆனது. அதில் எட்டில் ஒரு பங்கு பணத்தில் உல்மர் வேலையை முடித்திருக்கிறார். இந்த உண்மைக் கணக்கே போதுமான அளவுக்கு வியப்பானது. இதற்கு மேல் பூச்சு எதற்கு?

“வறுமையில் தானாக அமைந்த அழகு”

ஆறு நாள் கதையின் ஆபத்து இங்கேதான் ஆரம்பிக்கிறது. அவசரத்தில் எடுத்தார்கள், காசில்லை, செட் இல்லை, அந்தக் குறைகளே தற்செயலாக ஓர் அழகாகிவிட்டன என்று பேச அது வழிவிடுகிறது. மண்ணைத் தோண்டியவனுக்குப் புதையல் கிடைத்த மாதிரி. தோண்டியவன் யார் என்று யாரும் கேட்பதில்லை.

உல்மர் 1904இல் இன்றைய செக் நாட்டிலுள்ள ஓலோமோட்ஸ் நகரில் பிறந்து வியன்னாவில் வளர்ந்தவர். நாடக மேடைக்கும் படங்களுக்கும் அரங்கம் அமைத்துப் பழகிய கை. ஒளியையும் நிழலையும் கொண்டே கதை சொன்ன ஜெர்மன் இயக்குநர் முர்னாவிடம் வேலை பார்த்தவர். 1930இல் ஜெர்மனியில் வந்த ‘மென்ஷன் ஆம் ஸோன்டாக்’ படத்தை ராபர்ட் சியோட்மாக்குடன் சேர்ந்து இயக்கினார். அதற்கு எழுதியவர் பில்லி வைல்டர். கேமரா உதவியாளர் ஃபிரெட் ஸின்னமன். பின்னாளில் ஹாலிவுட்டின் உச்சியில் நின்றவர்கள் எல்லோரும் அந்த ஒரே குழுவில் இருந்திருக்கிறார்கள்.

உல்மரும் 1934இல் யுனிவர்சல் நிறுவனத்துக்கு போரிஸ் கார்லாஃப், பேலா லுகோசி இருவரையும் வைத்து ‘தி பிளாக் கேட்’ எடுத்து நல்ல வசூல் பார்த்தார். அப்போது ஷெர்லி என்ற பெண்ணை விரும்பினார். அவர் யுனிவர்சல் முதலாளி கார்ல் லெம்லியின் உறவினர் ஒருவருக்கு மனைவி. ஷெர்லி அந்தத் திருமணத்தை விட்டு வெளியே வந்து உல்மரைக் கட்டிக்கொண்டார். பெரிய ஸ்டூடியோக்களின் கதவு உல்மருக்கு அடைபட்டது. நியூயார்க் போய் இத்திஷ் மொழியிலும் உக்ரைனிய மொழியிலும் படம் எடுத்தார். பிறகுதான் பி.ஆர்.சி.க்கு வந்தார். கடைசிவரை அவருடைய படங்களுக்கு ஸ்கிரிப்ட் மேற்பார்வை பார்த்தது ஷெர்லிதான். வறுமைத் தெருவுக்கு வந்து சேர்ந்தது ஒரு பெரிய கலைஞனின் கை என்பதை மறந்துவிட்டுப் படத்தைப் பார்க்கக் கூடாது.

படத்தின் ஆரம்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சாலையோர உணவு விடுதி. தாடி மழிக்காத ஆல் காபிக் கோப்பைக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்திருக்கிறான். ஒரு லாரி ஓட்டுநர் காசு போட்டுப் பாட்டுப் பெட்டியில் ஒரு பாட்டை வைக்கிறார். அது ஒரு காலத்தில் சூ பாடிய பாட்டு. நிறுத்தச் சொல்லி ஆல் கத்துகிறான். அடுத்து நடப்பதைக் கவனிக்க வேண்டும். கேமரா அவன் முகத்தை நெருங்குகிறது. விடுதியின் விளக்கெல்லாம் மங்குகிறது. அவன் கண்கள் மீது மட்டும் ஒரு பட்டை வெளிச்சம் நிற்கிறது. முன்னால் இருக்கும் காபிக் கோப்பை திடீரென்று பானை அளவுக்குப் பெரிதாகத் தெரிகிறது. பெரிய கோப்பையைச் செய்து வைத்து எடுத்திருக்கிறார்கள். சுழலும் இசைத்தட்டு நியூயார்க் விடுதியின் டிரம்மாக மாறுகிறது. கடந்த காலத்துக்குள் போய்விட்டோம். இதற்கு ஆன செலவு ஒரு கோப்பையும் இரண்டு விளக்கும். இதை யோசிக்கத் தேவைப்பட்டது இருபது வருடப் பயிற்சி.

நியூயார்க் தெருவைக் காட்ட அவரிடம் தெரு இல்லை. எனவே புகைமூட்டம். ஆலும் சூவும் பனிக்குள் நடக்கிறார்கள். தெருப் பெயர்ப் பலகைகளும் ஒன்றிரண்டு விளக்குகளும் மட்டும் தெரிகின்றன. செட் இல்லாததை மறைக்கப் போட்ட புகை என்பது உண்மை. ஆனால் அந்தக் காட்சியில்தான் ஆல் கல்யாணத்தைப் பற்றிப் பேசுகிறான், சூ தான் ஊரைவிட்டுப் போவதாகச் சொல்கிறாள். இருவருக்கும் எதிரே பாதையே தெரியாத நேரம். அந்த இடத்தில் புகையைப் போட முடிவெடுத்தவர் காசை மட்டும் கணக்குப் பார்த்தவராக இருக்க முடியாது.

தவறு என்று எல்லோரும் சுட்டிக்காட்டும் ஓரிடம் உண்டு. ஆல் லிஃப்ட் கேட்கும் சில ஷாட்களில் கார்களின் ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்கிறது. வண்டிகள் சாலையின் இடப்பக்கம் ஓடுகின்றன. அமெரிக்காவில் இரண்டுமே எதிர்ப்பக்கம். நம் ஊர்க்காரர்களுக்கு இது கண்ணிலேயே படாது. நம் சாலை அப்படித்தானே! நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சிட்டதால் வந்தது இது. கவனக்குறைவு என்று எழுதுவார்கள். வரைபடத்தில் நியூயார்க் வலக்கோடி, லாஸ் ஏஞ்சலஸ் இடக்கோடி. பயணம் முழுக்கத் திரையில் வலமிருந்து இடமாகவே போக வேண்டும் என்பதற்காகத் திருப்பினார்கள் என்ற விளக்கமே பொருந்துகிறது. பார்ப்பவருக்குத் திசை குழம்பக் கூடாது என்ற அக்கறை அது. மறுபடி பாலைவனத்துக்குப் போய் எடுக்கப் பணம் இருந்திருந்தால் எடுத்திருப்பார்கள்.

வேரா இறந்தபின் வரும் ஒரு ஷாட் இருக்கிறது. கதவை உடைத்து உள்ளே வந்த ஆல் அசையாமல் நிற்கிறான். கேமரா அந்த அறைக்குள் தானாகச் சுற்றுகிறது. ஒவ்வொரு பொருளாகத் தெளிகிறது, மங்குகிறது, அடுத்ததில் தெளிகிறது. வெட்டே கிடையாது. எதை முதலில் மறைப்பது, எதில் என் கைரேகை இருக்கிறது, எது என்னைக் காட்டிக்கொடுக்கும் என்று ஓடும் மனசை ஃபோகஸே சொல்லிவிடுகிறது. ஒளிப்பதிவாளர் பெஞ்சமின் கிளைனின் ஆட்கள் ஒத்திகை பார்க்காமல் அதைச் செய்திருக்கவே முடியாது. சினிமாவில் ஃபோகஸ் பார்த்த யாரிடமாவது காட்டிக் கேளுங்கள்.

“வந்தபோது யாரும் சீந்தவில்லை”

புறக்கணிக்கப்பட்ட மேதை என்ற கதையும் நமக்குப் பிடித்தமானது. உண்மையில் படம் வந்த சமயத்தில் ‘லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ்’, ‘வெரைட்டி’, ‘ஹாலிவுட் ரிப்போர்ட்டர்’ எல்லாம் நல்லவிதமாகவே எழுதின. லாஸ் ஏஞ்சலஸில் 2,200 இருக்கைகள் கொண்ட ஆர்ஃபியம் அரங்கில், மேடைக் கச்சேரியோடு சேர்த்து ஓடியது. ஊரில் போக்குவரத்து வேலைநிறுத்தம் நடந்தும் கூட்டம் வந்திருக்கிறது. பிறகு பல ஆண்டுகள் மறதிக்குள் போனது வேறு விஷயம். பெரிய நிறுவனத்தின் படத்தை அந்த நிறுவனமே மீண்டும் மீண்டும் வெளியிட்டுக் காப்பாற்றும். பி.ஆர்.சி. பெயரே 1940களைத் தாண்டவில்லை.

“விதி விளையாடிய அப்பாவி”

இந்தப் படத்தைப் பற்றிச் சொல்லப்படும் பொய்களில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். ஆல் ஒரு நல்லவன், விதி அவனை அடித்துத் துவைத்தது, ஊழ்வினைக்கு ஓர் உதாரணம் இந்தப் படம் என்று சொல்வார்கள். படத்தில் அப்படிச் சொல்பவர் ஒரே ஒருவர்தான். ஆல்.

முழுப் படமும் அவன் குரலில் ஓடுகிறது. நாம் பார்ப்பதெல்லாம் அவன் சொல்லக் கேட்டது. அவன் சும்மா கதை சொல்லவில்லை, வாதாடுகிறான். நீங்கள் நம்பமாட்டீர்கள், எனக்குத் தெரியும் என்று நம்மைப் பார்த்தே சொல்கிறான். குற்றம் சாட்டுவதற்கு முன்பே ஒருவன் இவ்வளவு வாதாடினால் நம் வீட்டுப் பெரியவர்கள் என்ன சொல்வார்கள்? ஏதோ இருக்கிறது என்பார்கள்.

அந்தக் காதோடு படத்தை மறுபடி கேளுங்கள். சூவோடு இருந்த காலம் சுகமாக இருந்ததாகக் குரல் சொல்கிறது. படத்தில் அவள் அவனுடைய கல்யாணப் பேச்சைத் தள்ளிப் போட்டுவிட்டு விலகிப் போகிறாள். போனில் அவளோடு பேசும் காட்சியில் அவன் குரல் மட்டுமே நமக்குக் கேட்கிறது. அவள் பேசுவது கேட்பதே இல்லை. ஹாஸ்கெல் மாத்திரை சாப்பிடுகிறவன், ஏற்கெனவே உடம்பு சரியில்லை என்று ஆல் முன்கூட்டியே நமக்குக் காட்டிவிடுகிறான். பிறகு ஒரு சாவு. அந்தச் சாவினால் காசில்லாத ஒருவனுக்குக் காரும் பணமும் நல்ல உடையும் கிடைக்கின்றன. அடுத்து, அந்த ரகசியம் தெரிந்த ஒரே ஆளும் சாகிறாள். அதுவும் விபத்து. இரண்டுக்கும் சாட்சி அவன் ஒருவனே.

இதனால் ஆல் கொலைகாரன் என்று தீர்ப்பு எழுதிவிடலாமா? சில விமர்சகர்கள் எழுதினார்கள். எனக்கு அதுவும் அவசரமாகத் தோன்றுகிறது. வயரை இழுக்கும்போது டாம் நீலின் முகத்தில் இருப்பது ஆத்திரமா, பயமா, இரண்டும் கலந்ததா என்று பலமுறை பார்த்தும் என்னால் பிரிக்க முடியவில்லை. படம் அந்த இடத்தைத் திறந்தே வைத்திருக்கிறது. ‘விதி’ என்று சொல்லி அதை மூடிவிட்டால், படத்தின் உயிரான பாதி போய்விடும்.

இதில் அதிகம் நஷ்டப்படுவது வேரா. கொடுமைக்காரி, சினிமாவின் மிக மோசமான பெண் பாத்திரம் என்றெல்லாம் பட்டியலில் ஏற்றுவார்கள். ஏறக்குறையப் பாதிப் படம் ஓடியபின் வருகிறவள் அவள். ஆன் சாவேஜின் தலைமுடி நன்றாகச் சீவி அலங்கரித்திருந்ததைப் பார்த்த உல்மர், வழியில் லிஃப்ட் கேட்டு வருகிறவளின் தலை இப்படியா இருக்கும் என்று முடியில் கோல்டு கிரீமைத் தடவிப் பிசுபிசுப்பாக்கச் சொன்னாராம். அந்தக் காலத்துக் கதாநாயகிக்கு யாரும் செய்யாத வேலை அது.

அவள் இருமுகிறாள். கவனித்திருக்கிறீர்களா? காசநோய்க்காரியின் இருமல். தனக்கு அதிக நாள் இல்லை என்று தெரிந்தவள் அவள். ஹாஸ்கெல் கையில் நகம் பதித்தது ஏன் என்பதும் படத்திலேயே இருக்கிறது: காரில் ஏற்றியதற்கு அவன் கேட்ட விலையை அவள் கொடுக்கவில்லை. கையில் காசும் துணையும் இல்லாமல், நோயோடு, தெரியாத ஆண்களின் கார்களில் ஏறி நாடு தாண்டும் ஒரு பெண். அவள் கோபத்துக்கும் பேராசைக்கும் காரணம் தேட வேண்டியதே இல்லை. ஒரு ராத்திரி அவள் ஆலின் தோளில் கை வைக்கிறாள். அவன் நகர்ந்துகொள்கிறான். அந்த ஒரு நொடியில் அவள் முகம் மாறுவதைப் பாருங்கள். அவ்வளவு தனிமையை அவ்வளவு குறைந்த நேரத்தில் காட்டிய நடிகைகள் சிலரே. அதோடு, அவளை நாம் பார்ப்பது அவளுடைய சாவுக்குக் காரணமானவனின் வாய் வழியாக. அவளுக்கென்று பின்னணிக் குரல் கிடையாது.

கடைசியில் ஆல் இருட்டில் நெடுஞ்சாலை ஓரமாக நடக்கிறான். ஒரு போலீஸ் கார் வந்து ஏற்றிக்கொள்கிறது. தர்மம் வென்றது என்று நினைத்துக்கொள்ளலாம். அப்போது ஹாலிவுட்டில் அமலில் இருந்த தணிக்கை விதிகளின்படி, உயிர் போகக் காரணமானவன் தப்பித்துப் போவதாகப் படத்தை முடிக்க முடியாது. அதற்காக வைத்த கார் அது. ஒருநாள் ஒரு கார் எனக்காக நிற்கும் என்று அவன் குரல் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அது வருகிறது. எனவே நடப்பதா, அவன் நினைப்பதா என்ற சந்தேகமும் கூடவே வருகிறது. தணிக்கைக்கும் பதில் சொல்லிவிட்டு, கதையின் கேள்வியையும் கெடுக்காமல் விட்டிருக்கிறார் உல்மர்.

“படமே அவன் வாழ்க்கையை முன்கூட்டிச் சொன்னது”

டாம் நீலின் பிற்கால வாழ்க்கை இந்தப் படத்தோடு சேர்த்தே பேசப்படும். 1951இல் ஒரு நடிகைக்காக ஏற்பட்ட தகராறில் நடிகர் ஃபிரான்சோ டோனை அடித்து ஆஸ்பத்திரியில் கிடத்தினார். முன்னாள் குத்துச்சண்டை வீரரின் கை. அதோடு அவருக்குப் படங்கள் நின்றுபோயின. பாம் ஸ்பிரிங்ஸ் பக்கம் தோட்ட வேலைக்குப் போனார். 1965இல் அவருடைய மனைவி துப்பாக்கிக் குண்டு பாய்ந்து இறந்தார். வழக்கில், கொல்லும் எண்ணமில்லாமல் உயிரிழப்பு ஏற்படுத்திய குற்றத்துக்காக நீலுக்குத் தண்டனை கிடைத்தது. ஆறு வருடச் சிறைக்குப் பின் 1971 டிசம்பரில் வெளியே வந்தவர், 1972 ஆகஸ்ட்டில் இறந்துபோனார். அடுத்த மாதமே உல்மரும் காலமானார்.

இதையெல்லாம் வரிசையாகச் சொன்னால் உடம்பு சிலிர்க்கத்தான் செய்யும். சாபம், முன்னறிவிப்பு என்று பேசுவார்கள். இறந்துபோன ஒரு பெண்ணின் சாவைப் படத்துக்கு விளம்பரமாக்குகிறோம் என்பதை யாரும் யோசிப்பதில்லை. படத்துக்கும் அந்தக் குற்றத்துக்கும் இருபது வருட இடைவெளி. இடையில் நடந்தது ஒரு மனிதனின் முன்கோபம், அவனுடைய தேர்வுகள். அவற்றை ‘விதி’யிடம் ஒப்படைப்பது ஆல் ராபர்ட்ஸ் செய்கிற அதே வேலை. சாபம் என்பவர்கள் ஆன் சாவேஜையும் பார்க்க வேண்டும். சினிமா போனபின் லாஸ் ஏஞ்சலஸில் அலுவலக வேலை பார்த்தார். விமானம் ஓட்டக் கற்றார். ‘டீட்டூர்’ மறுபடி பேசப்பட்ட காலத்தில் திரையிடல்களுக்கு நேரில் வந்து ரசிகர்களோடு பேசினார். 2007இல் கை மேடினின் ‘மை வின்னிபெக்’ படத்தில் அம்மாவாக நடித்தார். 2008 கிறிஸ்துமஸ் நாளில், 87 வயதில் மறைந்தார்.

“காப்புரிமை இல்லாத படம், எங்கே பார்த்தாலும் ஒன்றுதான்”

அமெரிக்காவில் அன்றிருந்த சட்டப்படி ஒரு படத்தின் காப்புரிமை 28 ஆண்டுகள். அதன்பின் விண்ணப்பித்துப் புதுப்பிக்க வேண்டும். ‘டீட்டூர்’ படத்துக்கு அதை யாரும் செய்யவில்லை. 1970களில் அது பொதுச்சொத்தாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் எந்தப் பிரதியிலிருந்தும் நகல் எடுத்து விற்கலாம் என்றானதால், நகலின் நகலின் நகல்தான் உலகமெல்லாம் சுற்றியது. படம் மறையாமல் பிழைத்ததும் அதனால்தான். அதன் பெயர் கெட்டதும் அதனால்தான்.

நான் முதலில் பார்த்ததும் அப்படியொரு நகல். ராத்திரிக் காட்சிகளில் கரும்பலகை மாதிரி ஓர் இருட்டு, வெள்ளைக் கோடுகள், அங்கங்கே துண்டு விட்டுப் போன வசனம். ஆறு நாளில் எடுத்த படம் இப்படித்தான் இருக்கும் என்று நானே எண்ணிக்கொண்டேன். 1992இல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இதைச் சேர்த்துவிட்டார்கள். நல்ல பிரதி அமையத்தான் இன்னும் கால் நூற்றாண்டு ஆனது. பெல்ஜியத்தின் அரசு சினிமா காப்பகம், நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் போன்ற இடங்களில் இருந்த பிரதிகளைக் கொண்டு அமெரிக்க அகாடமியின் ஆவணக் காப்பகம் புதுப்பித்த 4கே பிரதி 2018இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு கிரைட்டீரியன் நிறுவனம் அதை வட்டாக வெளியிட்டது.

அந்தப் பிரதியில் கரும்பலகை இருட்டு இல்லை. ஆலின் கன்னத்தில் வியர்வை தெரிகிறது. வேராவின் கண்ணுக்குக் கீழே உள்ள கருவளையம் தெரிகிறது. நியூயார்க் புகைக்குள் சாம்பல் நிறத்தில் எத்தனை அடுக்கு இருக்கிறது என்று எண்ணிவிடலாம். உல்மரும் கிளைனும் ஒவ்வொரு விளக்கையும் எங்கே வைத்தார்கள் என்பது எழுபது வருடம் கழித்துப் பார்வையாளருக்குத் தெரிந்தது.

எனவே ஒரு வேண்டுகோள். இந்தப் படத்தை யாருக்காவது சொல்லும்போது ஆறு நாள் கணக்கை விட்டுவிடுங்கள். காபிக் கோப்பையைச் சொல்லுங்கள், போன் வயரைச் சொல்லுங்கள், வேராவின் இருமலைச் சொல்லுங்கள். பார்ப்பதானால் புதுப்பித்த பிரதியைத் தேடிப் பாருங்கள். முடிந்தால் ஒரு நாள் விட்டு இரண்டாம் முறை பாருங்கள். இந்தத் தடவை ஆல் பேசுவதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் அவன் கைகள் என்ன செய்கின்றன என்று மட்டும் கவனியுங்கள். மொத்தமே 68 நிமிடம்தான்.